புதன்கிழமை இணைப்பு

மோன்ட்ரியால்
14 அக்டோபர் 1999

அன்புள்ள நுவாராவுக்கு,

இங்கு நலம். நீயும் நலம்தானே? அதற்குள் குளிர் வந்துவிட்டது. உன் கையால் ஒரு கிண்ணம் ஷோர்பா சூப் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது. உன்னை இங்கே அழைத்துக்கொள்ளும் மனு நகர்கிறது. ஆகஸ்டில் வந்தபோது சொன்னதுதான்: பனிக்காலம் முடிவதற்குள் நீ என்னோடு இருப்பாய்.

டாக்சிஃபோன் என்கிற பொதுத் தொலைபேசிக் கடையில் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, நாம் எதைப் பேசுவது? பல்கலைக்கழகத்தில் உங்கள் துறைக்கு வரும் மின்னஞ்சலை இயக்குநர்தான் முதலில் படிக்கிறார் என்கிறாய். அதனால் ஒரு வழி கண்டேன். அலுவலகக் கணினியின் கறுப்புத் திரையில் ‘என்சி’ என்ற இணைப்புக் கட்டளையை அடித்து, தனித்தாளில் எழுதியிருக்கும் எண்களையும் சேர்த்து அடி. பல்கலைக்கழகம் உள்ளே வரும் இணைப்புகளைத்தான் அடைத்திருக்கிறது. வெளியே போவதைத் தடுப்பதில்லை. ஆகவே நீதான் கூப்பிட வேண்டும். நான் இங்கே திறந்து வைத்துக் காத்திருப்பேன். உன் வரி என் திரையில் விழும், என் வரி உன் திரையில். புதன்தோறும், உனக்கு மாலை நான்கு மணி.

உன் லக்தர்

அன்னாபா
6 நவம்பர் 1999

அன்புள்ள உங்களுக்கு,

நல்ல வழி கண்டீர்கள், போங்கள். நீங்கள் எழுதியபடியே அடித்தேன். வணக்கம் இல்லை, வாங்க இல்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் வரியின் தொடக்கத்தில் நின்று துடிக்கிறது. “இருக்கிறீர்களா?” என்று அடித்தேன். கிணற்றில் போட்ட கல்தான். அடுத்த புதனும் அதே பேசாமடந்தை. எண்ணைத் தப்பாக அடித்தேனா, கணினி கெட்டுப்போனதா, ஒன்றும் விளங்கவில்லை. கேட்கலாமென்றால், கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஹயாத் பயிற்சிக்காக அல்ஜியர்ஸ் போயிருக்கிறாள்.

யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு, அதில் மனதில் இருந்ததையெல்லாம் அடித்துக் கொட்டினேன். அது என்ன என்று கேட்காதீர்கள். சுவரோடு பேசுகிற பெண் எதையும் பேசுவாள்.

உங்கள் அம்மா தினமும் ஒரே கேள்விதான். “உன் புருஷன் உன்னைக் கூட்டிட்டுப் போவானா, இல்ல நீ இங்கயே எனக்குக் கஸ்ரா ரொட்டி சுட்டுப் போட்டுக்கிட்டுக் கெடப்பியா?” நான் சிரித்து மழுப்புகிறேன். மனு எந்த மேசையில் இருக்கிறது? அதையாவது எழுதுங்கள்.

உங்கள் நுவாரா

மோன்ட்ரியால்
25 நவம்பர் 1999

அன்புள்ள நுவாராவுக்கு,

நீ எண்ணைத்தான் தப்பாக அடித்திருக்க வேண்டும். புதன்தோறும் காத்திருந்தேன், ஒரு எழுத்துக்கூட வரவில்லை. விடு, இனி இதற்காகச் சிரமப்படாதே. கடிதமே போதும்.

மனு விஷயத்தில் பொறுமையாக இரு. அம்மா சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ரமலான் வருகிறது, நீ இந்த வருடம் நோன்பு பிடிக்க வேண்டாம், உடம்பு தேறட்டும். நிறைய ரத்தம் போயிருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு.

உன் லக்தர்

அன்னாபா
16 டிசம்பர் 1999

லக்தர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். செப்டம்பரில் கரு கலைந்ததை நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. கெல்மாவில் இருக்கும் என் அக்காவுக்குத் தெரியும். நீங்களும் அக்காவும் பேசிக்கொள்வதில்லை. மிச்சம் இருப்பது அந்தக் கறுப்புத் திரை ஒன்றுதான்.

ஹயாத் திரும்பி வந்ததும் கேட்டேன். “அந்தப் பக்கம் யாரும் தொறந்து வைக்கலேன்னா அது நிக்கவே நிக்காதுடி. பட்டுன்னு அறுந்து, கட்டளை அடிக்கிற பழைய வரிக்கே வந்துடும். கோடு சும்மா நின்னு துடிச்சுதா? அப்ப இணைப்பு கெடைச்சாச்சுன்னு அர்த்தம். அது ‘கெடைச்சுது’ன்னு வாயத் தொறந்து சொல்லாது, அதோட கொணமே அப்படி” என்றாள்.

நேற்றுப் புதன். ஒரு வரிதான் அடித்தேன். “இருக்கிறீர்கள் என்று தெரியும். என்னை அழைத்துக்கொள்வீர்களா, மாட்டீர்களா?” கோடு துடித்தது. பழைய வரி வரவில்லை. நோன்பு திறக்கும் நேரம் வரை உட்கார்ந்திருந்தேன். ஹயாத் ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்து, “எழுந்திரு” என்றாள்.

எனக்கு இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது. அழைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், முடிந்திருக்கும். வேறு யாராவது இருக்கிறார்களா, மனு என்று ஒன்றைப் போட்டீர்களா, எதுவும் தெரியவில்லை. என் பிள்ளை போன செய்தியைப் படித்துவிட்டு, ஒரு எழுத்துக்கூட வரவில்லை என்று எழுத எப்படி மனம் வந்தது? பதிலும் சொல்லவில்லை, மூடவும் இல்லை.

இந்தப் பக்கத்திலிருந்து மூட இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டுமாம். ஹயாத் காட்டினாள், அழுத்தினேன். பழைய வரி உடனே வந்துவிட்டது.

வீட்டுச் சாவியை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பெருநாளுக்கு நான் கெல்மாவில் இருப்பேன். மாத்திரை சாப்பிடுகிறேன்.

நுவாரா