தேவராஜுக்குப் போட்ட இலை

ஜூன் 15, ஞாயிறு

இன்று ஐயம்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் தேவராஜைப் பார்த்தேன். நாற்பது வருடத்துக்கு முன் எங்கள் ஃபுட்பால் டீமின் கோல்கீப்பர். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். பக்கத்தில் நின்ற என் மருமகனிடம் பெருமையாகச் சொன்னேன்: "ஏரி வத்திச்சுன்னா அதான் எங்க கிரவுண்டு. நெசவுக்காரன், காலனிக்காரன்னு நாங்க பார்த்ததே இல்ல. பதினோரு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருந்தோம்."

தேவராஜ் சிரித்தான். "கிரவுண்டுல அப்படித்தான்பா. தாமல் டீமை ஜெயிச்ச அன்னிக்கு உங்க வீட்டுல எல்லாருக்கும் சாப்பாடு போட்டாங்களே. எனக்கு மட்டும் வீட்டுக்குப் பின்னால இலை போட்டாங்க. ஞாபகம் இருக்குதா?"

மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லியேபா" என்றேன்.

பொய். அம்மா எட்ட நின்று அவன் இலையில் சாம்பார் ஊற்றியதுகூட ஞாபகம் இருக்கிறது. அன்று அவன் இரண்டு பெனால்டி பிடித்ததால்தான் நாங்கள் ஜெயித்தோம். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் பின்வாசல் நேராகத் தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல், தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தேன்.

"பழைய கதை, விடுப்பா" என்று அவனே என் தோளைத் தட்டினான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டான்.

அன்றைக்குச் சின்ன வயசு, அம்மாவை எதிர்த்துப் பேசப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்கு "ஞாபகம் இருக்கு" என்று சொல்ல என்னைத் தடுக்க யாரும் இல்லையே.