அலாரம் அடிக்காது என்று எழுதினேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

புனேயில் நான் சுகம். உங்கள் சர்க்கரை இறங்கியதா?

மாத்திரை நேரம் சொல்லும் எங்கள் கம்பெனி ஆப்பில் ஒரு பிழை. போனை அணைத்து மறுபடி போட்டால், அதன்பிறகு அலாரம் அடிப்பதில்லை. சரிசெய்ய நாளாகும் என்பதால், புதிய பதிப்போடு வாடிக்கையாளர்களுக்குப் போகும் குறிப்பில் அதை முதல் வரியாக எழுதினேன்.

மேனேஜர் ஆனந்தகுமார், நம் ஊர் பிள்ளையார்பாளையத்துக்காரர்தான், “நம்ம ஓட்டைய நாமளே ஏம்மா சொல்லிக்கினு? எடுத்துடு” என்றார்.

“சீக்காளிங்க அந்த அலாரத்தைத்தான் நம்பிக்கினு இருக்காங்க சார். எடுக்க மாட்டேன்.”

எல்லோர் முன்னாலும் கத்தினார். நான் ஒப்புதல் தராமல் குறிப்பு வெளியாகாது என்பதால், கடைசியில் வரி அப்படியே வந்தது. என்னை வேறு குழுவுக்குத் தள்ளிவிட்டார். அங்கும் குறிப்பு எழுதும் வேலைதான். அங்கும் இப்படித்தான் எழுதுவேன்.

சர்ச்சில் அம்மா பாடுவதைப் பதிவுசெய்து அனுப்புங்கள். அறையில் சத்தமே இல்லை.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. ஆனந்தகுமார் வீட்டார் அங்கே வந்து, என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். கேட்க மாட்டேன்.

உங்கள் மகள்,
சுகாசினி