பரிசுப் புத்தகத்தில் வந்த அக்காவுக்கு

வூஸ்டர்
4 நவம்பர் 1878

அன்பு மகள் வினிஃப்ரெட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அதையே நலம் என்று எடுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை லெட்டியும் நியூசிலாந்தில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்குக் கால் பெருவிரல் வீக்கம் திரும்பவும் வந்துவிட்டது, வைத்தியர் ஒயின் கூடாது என்கிறார், அப்பா வைத்தியரே கூடாது என்கிறார். மால்வெர்னில் உன் சோஃபி அத்தைக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது, அதனால் முன்பைவிட அதிகம் பேசுகிறாள். லெட்டிக்கு இருமல் வந்தால் மார்பில் வாத்துக் கொழுப்பைத் தடவி மேலே கம்பளித் துணி சுற்று, கடையில் விற்கும் மருந்தைக் கொடுக்காதே, அதில் பாதி அபின்.

இரண்டு வருஷம் ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டு நீ அனுப்பிய நான்கு வரிக் கடிதம் போன மாதம் வந்தது. லெட்டிக்கு ஞாயிறு பள்ளியில் வருகைப் பரிசாக ஒரு புத்தகம் கொடுத்தார்கள் என்றும், அது ‘ஹம்ப்ரியின் கடைசி ஞாயிறு’ என்றும், படித்து முடித்துவிட்டு அவள் உன்னிடம் வந்து, ‘அம்மா, இதுல வர்ற கெட்ட அக்கா நீதானா, உன் தம்பிய நீதான் கொன்னியா’ என்று கேட்டாள் என்றும் எழுதியிருந்தாய். ‘நான் என்ன பதில் சொல்ல’, அவ்வளவுதான் உன் கடைசி வரி. அதைப் படித்துவிட்டு நான் முதலில் அழவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. உன் மேல் கோபம். பத்து வயதில் நான் எழுதிய அந்தப் புத்தகத்தை உன் கையில் கொடுத்தேன். நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வேறு கதை எதையும் தொடக் கூடாது என்பதால் நியூசிலாந்துக்குப் போகும்வரை வாராவாரம் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு நாளாவது இது நிஜமா அம்மா என்று கேட்டிருக்கலாமே. நீ கேட்கவில்லை. கதை என்று உனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். இல்லை, அதுவும் பொய். நீ கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது.

நடந்தது இதுதான். உன் தம்பி ஹம்ப்ரிக்குக் காய்ச்சல் கண்ட அன்றே உன்னைச் சோஃபி அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், உனக்கும் ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று. அவன் போன பிறகு ஒரு மாதம் கழித்துத்தான் உன்னை அழைத்து வந்தோம். அதற்குள் நான் எழுத ஆரம்பித்திருந்தேன். எழுதினால்தான் மூச்சு விட முடிந்தது. முதல் பிரதியில் நீ அவனுக்கு மிட்டாய் கொடுக்கும் நல்ல அக்காவாக மட்டும்தான் வருவாய். லண்டனில் ஞாயிறு பள்ளிகளுக்குக் கதை அச்சிடும் புத்தகச் சங்கம் அதைத் திருப்பி அனுப்பியது. அதன் செயலாளர் ஓட்வே இங்கே வந்தபோது நம் கூடத்தில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டே, ‘குழந்த சாகறது ரொம்ப உருக்கமா இருக்கும்மா, ஆனா சும்மா செத்துப்போனா அதுல பிள்ளைங்களுக்கு என்ன பாடம் இருக்கு? யாராவது ஒருத்தர் சொன்ன பேச்சு கேக்காம இருந்திருக்கணுமே’ என்றார். உன் அப்பா உடனே, ‘வின்னி ஒரு நாள் அவன மழையில படகு பாக்கக் கூட்டிட்டுப் போனாளே, அத வெச்சுக்கலாமே’ என்றார். நீ கூட்டிப்போனது நிஜம், ஆனால் அது காய்ச்சலுக்கு மூன்று வாரம் முன்னால், ஒரு தும்மலோடு போய்விட்டது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உட்கார்ந்து எழுதினேன். உன் சிவப்புத் தொப்பி முதற்கொண்டு எழுதினேன், அவன் செத்துக்கொண்டே உன்னை மன்னிக்கிறான் என்றும் எழுதினேன். அந்தப் பக்கத்துக்குத்தான் ஊரே அழுதது, பாதிரியார் பிரசங்கத்தில் அதை வாசித்தார், உன் அப்பா இன்றைக்கும் தன் ஞாயிறு பள்ளியில் வருஷா வருஷம் அதையே பரிசாகக் கொடுக்கிறார்.

அவன் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதே தெரியும் வினிஃப்ரெட். ஞாயிறு மதியம் ஆற்றோரச் சந்துகளில் வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போவேன் அல்லவா, அன்றைக்கு அவனையும் கூட்டிப்போனேன். ஆறு வயதில் அவன் அழகாக வாசிப்பான், நாலு பேர் பார்க்கட்டும் என்ற பெருமை எனக்கு. கையுறை தைக்கும் ஒருத்தி கதவைப் பாதி திறந்து நின்றுகொண்டு, ‘அம்மா, பிள்ளைய உள்ள கூட்டிட்டு வராதீங்க, எம் பொண்ணுக்குத் தொண்டை வீங்கிக் கெடக்கு’ என்றாள். பிரசுரம் வாங்காமல் எங்களை விரட்ட அந்தச் சந்துக்காரர்கள் வாரம் ஒரு நோய் சொல்வார்கள், பாதி நேரம் படுக்கையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இதுவும் அந்தச் சாக்குதான் என்று நினைத்தேன். ‘நோயாளிக்குத்தான் நல்ல வார்த்த வேணும்’ என்று சொல்லி அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அங்கே நிஜமாகவே ஒரு பெண் படுத்திருந்தாள். உடனே திரும்பியிருக்கலாம். பின்வாங்கினால் அவள் முன்னால் என் கௌரவம் என்னாவது? ஹம்ப்ரியைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து பிரசுரத்தின் நாலு பக்கத்தையும் வாசிக்கவைத்தேன். ஐந்தாம் நாள் அவனுக்கு உடம்பெல்லாம் சிவந்துவிட்டது. செங்காய்ச்சல். மழையில் நனைந்து யாருக்கும் அது வருவதில்லை, எந்த வைத்தியரைக் கேட்டாலும் சொல்வார்.

உன் கடிதம் வந்த மறுநாள் லண்டனுக்கு ரயில் ஏறினேன். ஓட்வே இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார், கிழவராகிவிட்டார். அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள், அது பொய் என்றேன். ‘புத்தகம் சங்கத்தோடதும்மா, உங்களோடது இல்ல. அதுவுமில்லாம, அந்த அக்கா இல்லாட்டி கதையே இல்லையே’ என்றார். திரும்பி வந்து ஞாயிறு பள்ளி அலமாரியைத் திறந்தேன். பதினொரு பிரதிகள் இருந்தன. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும், ‘இந்த அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை, நோய் இருந்த வீட்டுக்கு அவனைக் கூட்டிப்போனவள் அவன் அம்மா’ என்று மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பா கண்டுபிடித்துவிட்டார். பதினொன்றையும் அடுப்பில் போட்டுவிட்டு வைத்தியரை அழைத்து வந்தார். எனக்கு நரம்புத் தளர்ச்சியாம், மை, பேனா, புத்தகம் எதுவும் கூடாதாம். அலமாரிக்குப் புதுப் பிரதிகள் வந்துவிட்டன. இதைச் சமையற்கட்டில் உட்கார்ந்து பென்சிலில் எழுதுகிறேன், எழுத்து மங்கலாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் படி.

நீ கேட்க நினைத்திருப்பாய், அவன் கடைசியில் என்னதான் சொன்னான் என்று. மோட்சம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, உன்னை மன்னிக்கவும் இல்லை, மன்னிக்க என்ன இருந்தது? ‘வின்னி எப்ப வருவா’ என்று கேட்டான். நாளைக்கு என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டான், நானும் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், லெட்டி நெடுநாள் வாழட்டும். ஒன்றை மறக்காதே. இந்தக் கடிதத்தை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு, குழந்தைதானே என்று என் பங்கை விட்டுவிட்டுப் படிக்காதே. எனக்கு மன்னித்தேன் என்று பதில் எழுத வேண்டாம். என் புத்தகங்களில் எல்லாரும் கடைசிப் பக்கத்தில் மன்னித்துவிடுவார்கள், அது எனக்கு அலுத்துவிட்டது.

இப்படிக்கு,
அவனைக் கூட்டிப்போன உன் அம்மா,
டார்கஸ் ஆம்ஃப்லெட்