ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று யானைகள் வந்த செய்தி

மலை மூன்றும் ஆறு ஒன்றும் உடைய வெண்குறிஞ்சி நாட்டுப் பேரரசியார் செங்காந்தள் தேவியார் திருவுளப்படி ஓலைநாயகம் மழவராயன் வரைவது: நெய்தலங்கரை ஆளும் தண்டலைக் கோமானுக்கு நலம் பெருகுக. தங்கள் துறைகளில் கலங்களும் தங்கள் இணையதளத்தில் குடிகளும் தடையின்றி வந்து செல்க.

நம் நாட்டில் மணவீட்டார் ஊர்வலத்துக்கு அரண்மனை யானையை இணையதளத்தில் விண்ணப்பித்துப் பெறுவர். உள்ளவை மூன்றே யானைகள். தை ஐந்தாம் நாள் காலை அம்மூன்றும் பரிசல்காரர் ஏறன் வாசலில் வந்து நின்றன. அன்றே மணம் வைத்திருந்த அக்கரை வீட்டார் இருவருக்கோ யானை இல்லையென்ற பதிலே போயிருந்தது.

பேராசையால் மூன்றையும் வளைத்துக்கொண்டார் என்று யானைப்பந்தி அதிகாரி விழுப்பரையர் சினந்து, ஏறனை அவைக்கு அழைத்துச் செல்ல ஆட்களோடு தாமே வந்தார். உள்ளே மணப்பெண் அழுதுகொண்டிருந்தாள். செய்தி கேட்டு, அரண்மனை இணையதளத்தை அமைத்த கயற்கொடி மடிக்கணினியோடு ஓடிவந்தாள்.

"ஒரு தடவதாம்மா கேட்டேன்," என்றார் ஏறன். "பொண்ணு பேரச் சரியா அடிச்சேனான்னு பாக்க ரெண்டு வாட்டி பின்னாடி போனேன். ரெண்டு வாட்டியும் திரும்ப சமர்ப்பின்னு இருந்துச்சு, அமுக்கினேன்."

கயற்கொடி பதிவுகளைத் திறந்தாள். எழுத்துக்கு எழுத்து ஒன்றேயான மூன்று விண்ணப்பங்கள், சில நொடி இடைவெளியில். அவள் முகம் சிவந்தது. பின்செல்லும் பொத்தானைக் குடிகள் அழுத்துவார்கள் என்பதை அவள் எண்ணியே பார்த்ததில்லை.

"தப்பு இவர் விரல்ல இல்லைங்க, நான் எழுதின பக்கத்துல," என்று அதிகாரியிடம் சொன்னாள்.

அதிகாரி ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, இரண்டு யானைகளை அக்கரை வீட்டாருக்குக் கொண்டுபோகச் சொன்னார். முகூர்த்தத்துக்கு மூன்று நாழிகையே இருந்தது. மகளின் மணநாள் என்றும் பாராமல் ஏறன் பரிசலை அவிழ்த்தார். கயற்கொடியும் ஏறிக்கொண்டாள். இரண்டு யானைகளும் பாகர்களைச் சுமந்தபடி பின்னால் நீந்தி வந்தன. அக்கரையில் மேளம் எழுந்ததைக் கேட்டபின்தான் அவளுக்கு மூச்சே வந்தது. ஏறன் ஈரவேட்டியோடு திரும்பி, தாலி கட்டும் நேரத்துக்குச் சரியாக நின்றார். மூன்று வீட்டுப் பாயசத்தையும் கயற்கொடி உண்டாள் என்பதை அரண்மனையே அறியும்.

பின்செல்லாதீர் எனச் சிவப்பெழுத்தில் எச்சரிக்கலாம் என்றார் விழுப்பரையர். அவள் மறுத்துவிட்டாள். விண்ணப்பம் வந்து சேர்ந்ததும், ஆளை உடனே வேறொரு பக்கத்துக்கு அனுப்பி அங்கே ஒப்புகையைக் காட்டும்படி மாற்றினாள். அதைப் புதுப்பித்தால் ஒப்புகைதான் மீண்டும் தெரியும். ஒவ்வொரு படிவத்துக்கும் தனி எண் இட்டாள். ஒரே எண் மறுமுறை வந்தால் புதிய பதிவு எழாது, பழைய ஒப்புகையே திரும்பிப் போகும். பிறகு ஏறனையே அரண்மனைக்கு வரவழைத்து மனம்போல் அழுத்தச் சொன்னாள். அவர் முப்பது முறை பின்னே போய் முன்னே வந்தார். பதிவில் நின்றது ஒரே யானை. பார்த்திருந்த பேரரசியார் வாய்விட்டுச் சிரித்தார்.

ஆதலால் தங்கள் துறைமுகத் தளத்திலும் இவ்விரு முறைகளையும் பங்குனிக்குள் செய்விக்க. அதற்கெனக் கயற்கொடியை இவ்வோலையுடன் அனுப்பியுள்ளோம். கடல் பார்க்க அவளுக்கு இரண்டு நாள் தருக. பின்செல்லும் குடியைக் குற்றவாளி என எவரும் அழைக்கலாகாது. அவர் தாம் எழுதியது சரிதானா என்று பார்க்கப் போகிறவர்.

இது பேரரசியார் ஆணை. காந்தள் இலச்சினை இட்டோம்.