சுரேன் கொடுத்த கெய்ஷா விருந்து

நவம்பர் 15, சனிக்கிழமை

இன்று மத்திய லண்டனில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் கெய்ஷாவோடு இராச்சாப்பாடு. அழைத்தவன் சுரேன், என் மகள் நிலாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை. ஒரு கிழமை கியோட்டோவில் நின்றுவிட்டு வந்தவன். அந்தத் தகுதியில் ஜப்பானைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுத்தான். சூப் ஆறிப்போனது.

விருந்தினருக்கு ஆடிக்காட்டி உபசரிப்பதுதான் கெய்ஷாவின் தொழில்; முகத்தில் வெள்ளைப் பூச்சோடு வந்த அந்தப் பெண் விசிறியை விரித்து ஆடினாள். கண்ணை எடுக்க முடியவில்லை. மாப்பிள்ளைத் துரை அதைப் பார்க்கவே இல்லை. போனைத் தூக்கிப் பிடித்துத் தன் முகத்தையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் தேநீர் ஊற்ற வந்தபோது, அவளுடைய கிமோனோ அங்கியின் கையைப் பிடித்து இழுத்து, இன்னொரு படத்துக்கு நிற்கச் சொன்னான். அவள் சிரித்தபடியே அவன் விரல்களை விலக்கினாள். அவன் மறுபடியும் பிடித்தான்.

"அவவை விடுங்கோ," என்றாள் நிலா.

"இதுதானே அவையின்ர வேலை. என்ன அன்ரி?" என்று என்னைப் பார்த்துப் பல்லை இளித்தான்.

நிலா எழுந்து அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் போனேன். என் கணவர் இனிப்பையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்.

"நல்ல உத்தியோகம். ஒரு சட்டைக் கையைப் பிடிச்சதுக்கே வேண்டாமெண்டுறது?" என்றார் ரயிலில்.

"ஓம், அதுக்குத்தான்," என்றேன்.

இப்போது பக்கத்தில் குறட்டை விடுகிறார். காலையில் சுரேனின் தாய்க்கு நான்தான் போன் எடுத்து, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமாம். அவர்கள் மனம் நோகாமல் சொல்ல வேண்டுமாம்.

நோகட்டும்.