ஸ்டேஷன் தண்ணீர்

ஆனி 14, இரவு.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பட்டாளத்திலிருந்து மூன்று வருஷம் கழித்து வந்த தம்பியை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். மதுரை வண்டியிலிருந்து இறங்கியதும் தாகம் என்று குவளையை நீட்டினான். உடுப்பைப் பார்த்த தண்ணீர்க்காரன், "வாங்க சார்" என்று செம்போடு ஓடி வந்தான். பிறகு முகத்தை உற்றுப் பார்த்தான்.

"ஏலே, நீ தளவாய்புரத்துச் சின்னான் மவன்தானே? குவளைய உள்ள வை. கையில வாங்கிக் குடி."

பர்மாவில் துப்பாக்கி பிடித்தவன், குவளையைப் பைக்குள் வைத்துவிட்டுக் குனிந்து கையேந்தினான். தண்ணீர்க்காரன் செம்பை உயரத் தூக்கி ஊற்றினான்.

வழியெல்லாம் தம்பியைத் திட்டினேன். "ஒனக்கு ரோஷமே இல்லையாலே?"

வீட்டு வாசலில்தான் வாயைத் திறந்தான். "எனக்குப் பொறவு நீங்களும் குடிச்சியளேண்ணே."

குடித்தேன். இதை எழுதுகிற இதே கையில்தான் வாங்கிக் குடித்தேன்.