பத்துக்குப் பதினைந்து

இன்று காலை, கருகிப்போன ஸ்டெர்ன் டிரைவ் பெட்டி ஒன்றின் அடித்திருகைக் கழற்றினேன். தீய்ந்த கியர் ஆயில் நாற்றம் பட்டறை முழுக்க அடித்தது. உடனே உன் ஞாபகம். செத்தும் என்னை வேலை பார்க்க விடமாட்டாய் போலிருக்கிறது.

உன்னைப் பாளையங்கோட்டையில் அடக்கம் செய்துவிட்டு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஏரலில் நம் பட்டறை அப்படியேதான் இருக்கிறது. உன் துண்டு இன்னும் சுவரில் தொங்குகிறது. மதினி கேட்டும் நான் கொடுக்கவில்லை.

ஐடிஐயில் ஒன்றாகப் படித்த நாம் லாரி எஞ்சினோடு காலம் தள்ளியிருக்கலாம். நீதான் என்னை இந்தப் படகு வேலைக்குள் இழுத்துவிட்டாய். எஞ்சின் படகுக்குள் இருக்கும்; இந்தப் பெட்டி பின்பலகைக்கு வெளியே தொங்கி விசிறியைச் சுற்றும். மேலே பொறித்த இலக்கத்தை உப்புத் தண்ணீர் தின்றுவிட்டால், எதற்கு எது ஜோடி என்று கண்ணால் சொல்ல முடியாது. இரட்டை எஞ்சின் படகில் ஜோடி மாறினால் படகு நேரே போகாது. அதனால்தான் எண்ணுவோம். விசிறியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, அது பத்துச் சுற்று வருவதற்குள் மேல்தண்டு எத்தனை சுற்று வருகிறது என்று இருவரும் மனதுக்குள் எண்ணி, கடைசியில் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். அது உன் ஏற்பாடு. "ரெண்டு பேரும் ஒண்ணுபோல தப்புப் பண்ண முடியாதுலே" என்பாய்.

புன்னைக்காயல் படகுக்காரரின் பெட்டியை எண்ணிய அன்று என் மகளுக்குப் பரீட்சை முடிவு வர வேண்டியிருந்தது. ஆறாவது சுற்றிலேயே என் எண்ணிக்கை போய்விட்டது. மறுபடியும் எண்ணுவோம் என்றால் நீ வைவாய். எண்ணும்போது உன் உதடு அசையும். அது உனக்கே தெரியாது. அதைப் பார்த்து, உன்னோடு சேர்ந்து "பதினஞ்சு" என்றேன். மற்ற எஞ்சினின் பெட்டியும் பதினைந்துதான்; நீ சிரித்துக்கொண்டே ஜோடியாக மாட்டினாய்.

அது பதினாறுப் பெட்டி. நீ ஒன்றை விட்டிருந்தாய். வெள்ளோட்டத்தில் படகு ஒரு பக்கமாக இழுத்து முகத்துவாரத்து மணல்திட்டில் ஏறியது. படகுக்காரர் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அவர் கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றபோது, நான் வாயைத் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய்: "என் கணக்குத்தான் பிசகிட்டு அண்ணாச்சி. இவன்மேல ஒண்ணுமில்ல." கடற்கரை முழுக்க உன் பெயர்தான் கெட்டது.

அன்று சாயங்காலம் ஆற்றில் கைகால் கழுவும்போது கேட்டாய்: "ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு எப்படிலே வரும்?"

"என்னத்தச் சொல்ல, கெட்ட நேரம்" என்றேன். பாவி நான், அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினாய். அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த தடவை எண்ண உட்கார்ந்தபோது, துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டாய். "ஆயில் நாறுதுலே" என்றாய். முப்பது வருடமாக உனக்கு நாறாத ஆயில்! உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. கடைசிவரை நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கும்.

இன்று கருகிய பெட்டியோடு வந்தவரும் அதே படகுக்காரர்தான். மாற்றுக்குப் பழைய பெட்டி ஒன்றையும் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "பைய எண்ணுங்க அண்ணாச்சி. உங்க கூட்டாளி நல்ல மனுசந்தான். ஆனா அன்னைக்குக் கணக்குல கோட்டை விட்டுட்டாருல்லா."

எனக்குத் தாங்கவில்லை. "அவன் ஒண்ண விட்டான் அண்ணாச்சி. நான் எண்ணவே இல்ல. அவன் வாயப் பாத்துச் சொன்னேன்."

அவர் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார். "இத்தன வருசமும் அந்த மனுசனையில்லா ஏசிட்டுக் கெடந்தேன்" என்றார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, இப்ப ரெண்டாவது ஆளு யாரு?"

"நீங்கதான்."

உன் துண்டை எடுத்து வாயை மூடிக் கட்டினேன். கோடு போட்டுத் தண்டைச் சுற்றினேன். விசிறி பத்து முடித்து நின்றதும் இருவரும் ஒன்றாகச் சொன்னோம்: "பதினஞ்சு."

இந்தத் தடவை எண்ணினேன்லே.